எச்.எம்.எஸ். கேப்டன் கவிழ்ந்தது யார் தவறு?

நங்கூரம்:
1870 செப்டம்பர் 7, நள்ளிரவு தாண்டி ஸ்பெயினின் ஃபினிஸ்டெர் முனைக்கு அப்பால் கேப்டன் என்ற பிரிட்டிஷ் கடற்படைப் போர்க்கப்பல் கவிழ்ந்தது. பாய்மரத்தோடு, சுழலும் கோபுரத்தில் பீரங்கி வைத்த கப்பல் அது. சுமார் 480 பேர் மாண்டார்கள், தப்பியவர்கள் 18 பேர். கடற்படைத் தலைமையைக் குறை சொல்வது நியாயமில்லை. பழி வடிவமைத்த கௌப்பர் கோல்ஸ் மேல்தான். தளம் நீருக்கு மேல் 8 அடி நிற்கும் என்றார், நின்றது ஆறரை அடி. லேர்ட் நிறுவனத்தின் கப்பல் பட்டறையில் கட்டும்போது 700 டன்னுக்கு மேல் எடை கூடிவிட்டது. அதன் மேல் முழுப் பாய்மரங்கள் வேறு.

கொதிகலன்:
எடை கூடியது தெரிந்தும் கடலுக்கு அனுப்பியது யார்? கவிழ்வதற்கு முந்தைய நாள் படைத் தளபதி அட்மிரல் மில்ன் அதே கப்பலில் இருந்தார். காற்றடிக்காத பக்கத்துத் தளவிளிம்பு நீரில் முங்குவதைக் கண்ணால் பார்த்தார். பாயை அப்போதே குறைத்திருக்கலாமே?

நங்கூரம்:
பார்த்து என்ன புரிந்திருக்கும்? சின்னச் சாய்வில் கேப்டன் விறைப்பாகவே நின்றது, அதுதான் ஏமாற்றியது. கப்பல் சாயும்போது தாழ்ந்த பக்கம் கூடுதலாக நீரில் இறங்கி, நிமிர்த்தும் விசையைத் தருகிறது. விளிம்பே முங்கிவிட்டால் அந்தப் பக்கத்தில் மேற்கொண்டு இறங்க உடல் இல்லை. கேப்டனுக்கு 14 பாகையிலேயே விளிம்பு முங்கியது. நிமிர்விசை 21 பாகையில் உச்சம், 54 பாகை தாண்டினால் சுழியம். அதே படையில் அன்றிரவு அதே காற்றைத் தாங்கிய மோனார்க்கும் பாய்மரமுள்ள சுழல்பீரங்கிக் கப்பல்தான். அதன் தளம் 14 அடி உயரம், உச்சம் 40 பாகை. வித்தியாசம் முழுக்க வரைபடத்தில் இருக்கிறது, மாலுமிகளிடம் இல்லை.

கொதிகலன்:
அந்த எண்கள் எப்படி வந்தன என்பதையும் சொல்லுங்கள். 1870 ஜூலைக் கடைசியில் போர்ட்ஸ்மத்தில் சாய்வுச் சோதனை நடந்தது. தெரிந்த எடையைத் தளத்தின் குறுக்கே தெரிந்த தூரம் நகர்த்தி, தூக்குக்குண்டு எவ்வளவு விலகுகிறது என்று அளப்பார்கள். அதிலிருந்து எடைமையம் எங்கே என்று கணக்கிட வேண்டும். கணக்கு முடிந்தபோது கேப்டன் கடலில் இருந்தது. விடை கைக்கு வருமுன் கப்பலை விட்டது தலைமைதானே? விபத்தை விசாரித்த ராணுவ நீதிமன்றமும், கடற்படையில் கப்பல் கட்டுவதைக் கவனித்த கட்டுப்பாட்டாளர் துறையின் எதிர்ப்பை மீறி, பொதுக் கருத்துக்கு இணங்கிக் கட்டிய கப்பல் என்றுதான் பதிவு செய்தது.

நங்கூரம்:
அந்தப் பொதுக் கருத்தை நாடாளுமன்றத்திலும் பத்திரிகைகளிலும் கிளப்பியவர் கோல்ஸ்தான். தன் கப்பலை நம்பி அதில் போனார், அதோடே இறந்தார்.

பாய்விரி:
தளம் தாழ்ந்ததையே குற்றமாக்காதீர்கள். டெவஸ்டேஷன் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலின் தளமும் தாழ்வுதான், 1873இல் சேவைக்கு வந்தது, கவிழவில்லை. அதற்குப் பாய் கிடையாது, நீராவி மட்டும். கேப்டனுக்கு நீராவியில் சுழன்று கப்பலைத் தள்ளும் இரட்டைச் சுழலி இருந்தும் பாய்மரம் வைத்தார்கள், ஏனென்றால் அன்றைய எஞ்சின்கள் நிலக்கரியை விழுங்கின. காற்று பாயைத் தள்ளும் விசைதான் தாழ்ந்த தளத்தைச் சாய்த்தது. அந்த இரண்டையும் ஒரே கப்பலில் சேர்க்கச் சம்மதித்தவர்கள் எல்லோர் பெயரும் பட்டியலில் வரணும்.

கொதிகலன்:
சம்மதிக்காதவர் பெயரையும் சேருங்கள். கடற்படையின் தலைமை வடிவமைப்பாளர் எட்வர்ட் ரீட் ஆரம்பத்திலிருந்தே எதிர்த்தார், 1870 ஜூலையில் பதவியை விட்டார்.