இரண்டு நிமிடத்தில் அடுப்பை அணைக்கலாம்

சித்தி: பாஸ்தா வேகிற வரைக்கும் அடுப்பு முழுத் தீயில் எரிகிறது, பார்க்கவே மனசு கேட்கவில்லை. வேறு வழி இருக்கிறதா?

நான்: இருக்கிறது சித்தி, ஒரு மாதமாக அப்படித்தான் செய்கிறேன். கொதிக்கிற தண்ணீரில் பாஸ்தாவைப் போட்டு ஒட்டாமல் கிளறுங்கள். மறுபடி கொதி வந்து இரண்டு நிமிடம் ஆனதும் அடுப்பை அணைத்து, மூடி போட்டுவிடுங்கள். பாக்கெட்டில் போட்டிருக்கிற நேரத்தைவிட ஒரு நிமிடம் கூடுதலாக விட்டு வடியுங்கள்.

மாமா: கொதிக்காத தண்ணீரில் எப்படி வேகும்மா?

நான்: வேக வைப்பது சூடுதான் மாமா, கொதி இல்லை. 80 டிகிரிக்கு மேல் இருந்தால் பாஸ்தா வெந்துவிடும். 2021இல் இயற்பியல் நோபல் வாங்கிய இத்தாலியர் ஜார்ஜோ பாரிசி மறு வருடம் இந்த முறையை முகநூலில் பகிர்ந்தார். மூடிதான் ரொம்ப முக்கியம் என்று எழுதினார்.

மாமா: மூடியால் அவ்வளவு மிச்சமா?

நான்: 1 லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து கொதிக்க வைக்க ஆகிற வெப்பம், வெறும் 150 மில்லி ஆவியாகப் போவதற்கே செலவாகிவிடும் மாமா. திறந்து வைத்துத் தளதளவென்று கொதிக்க விட்டால் அத்தனையும் வீண். இது தெரிந்த நாளிலிருந்து மூடி இல்லாமல் எதையும் அடுப்பில் வைப்பதில்லை.

அண்ணி: தண்ணீரையும் குறைக்கலாம் சித்தி. 100 கிராமுக்கு 1 லிட்டர் என்பார்கள், நான் அரை லிட்டர்தான் வைக்கிறேன். வடித்த தண்ணீர் கொழகொழவென்று இருக்கும். சாஸில் கொஞ்சம் ஊற்றினால் பாஸ்தாவோடு நன்றாகச் சேரும்.

நான்: அடுப்பை அணைத்துவிடுவதானால் அதற்கும் கீழே போகாதீர்கள் அண்ணி. சூட்டைப் பிடித்து வைத்திருப்பதே தண்ணீர்தான்.

அத்தை: போன வாரம் நானும் இப்படிச் செய்தேன், நடுவில் மாவாகவே இருந்தது.

நான்: இடையில் திறந்து பார்த்தீர்களா அத்தை?

அத்தை: மூன்று தடவை. பாத்திரமும் மெல்லிசு.

நான்: அதனால்தான். அடி கனமான பாத்திரத்தில் செய்து பாருங்கள். அடுப்பிலிருந்து இறக்கித் தடித்த துண்டைச் சுற்றி வைத்தால் சூடு இன்னும் நிற்கும்.

அண்ணி: நேரம் இருந்தால் பச்சைத் தண்ணீரில் ஒன்றரை மணி நேரம் ஊற வைத்துவிடலாம் அத்தை. அப்புறம் கொதிக்கிற சாஸில் இரண்டு நிமிடம் போட்டாலே வெந்துவிடும்.

சித்தி: இன்று ராத்திரி செய்துவிட்டேன்! பாக்கெட்டில் 11 நிமிடம், நான் 12 விட்டேன். திறக்கவே இல்லை. பதமாக வெந்திருக்கிறது. வடித்த தண்ணீரையும் எடுத்து வைத்திருக்கிறேன்.