பழைய வலிதான்னு விட்டுட்டேன், உள்ள எலும்பு உடைஞ்சிருந்துச்சு

மூங்கில்முதுகு:
ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ்ங்கிற மூட்டு வாத நோய் வந்து 19 வருஷம், முதுகெலும்பு மொத்தமும் ஒட்டிக்கிச்சு, யாராச்சும் பின்னாடி கூப்பிட்டா உடம்போட சேர்த்துத்தான் திரும்புவேன். போன வருஷம் பாத்ரூம்ல வழுக்கி உட்கார்ந்த வாக்குல விழுந்தேன், பெரிய அடியெல்லாம் இல்ல, நானே எந்திரிச்சு வந்து டிவி பாத்தேன். மறுநாள் கழுத்து வலி. நமக்கு வலி என்ன புதுசா, மாத்திரைய போட்டுட்டு இருந்துட்டேன், எக்ஸ்ரே எடுத்தப்பவும் ஒண்ணுமில்லன்னுட்டாங்க. ஆனா ஒண்ணு உறுத்திட்டே இருந்துச்சு, என் பழைய வலி விடியக்காலைல புடிச்சு இழுக்கும், நடமாட நடமாட விட்டுடும், இது படுத்தா பரவால்ல அசைஞ்சா உயிர் போகுது. மூணாவது வாரம் சட்டை பட்டன் போட முடியல, நடுவிரல் மரத்துப்போய் பட்டன் தட்டுப்படவே இல்ல. அப்புறம்தான் சிடி ஸ்கேன் எடுத்தாங்க. கழுத்தெலும்புல ஆறாவதுக்கும் ஏழாவதுக்கும் (சி6, சி7) நடுவுல சாக்பீஸ் ஒடிஞ்ச மாதிரி குறுக்கால ஒடிஞ்சிருக்கு! கழுத்தோட கீழ்ப்பக்கம்தான் நமக்கு அதிகமா உடையுமாம், எக்ஸ்ரேல தோள்பட்டை மறைச்சு அந்த இடமே தெரியாம போயிடுமாம். ஆபரேஷன் ஆச்சு, மேலயும் கீழயும் பல எலும்ப சேர்த்து ராடு ஸ்க்ரூ. விரல் மரப்பு மட்டும் இன்னும் போகல.

அப்பாவோட பொண்ணு:
அண்ணா உங்களுக்காச்சும் தலை நேரா இருந்துச்சு, எங்க அப்பாவுக்கு கழுத்து முன்னாடி வளைஞ்சே இறுகிடுச்சு, தாடைக்கும் நெஞ்சுக்கும் நாலு விரக்கடைதான் இடம். படியில விழுந்தப்போ தூக்கிட்டுப் போனவங்க மல்லாக்கப் படுக்க வெச்சு தலைய கீழ அழுத்தி காலர் மாட்டப் பாத்தாங்க, மத்தவங்களுக்கு அப்படித்தான செய்வாங்க, அவங்க மேல தப்பில்ல. அப்பா "கை ரெண்டும் எரியுதும்மா"ன்னு கத்திட்டார். நான் சண்டை போட்டு நிறுத்தி, ரெண்டு தலகாணி, ஒரு போர்வைய சுருட்டி, எப்பவும் தலை இருக்குற அதே கோணத்துல முட்டுக் குடுத்தேன். நேராக்கியிருந்தா உடைஞ்ச இடம் வாய் பொளந்து தண்டுவடமே நசுங்கியிருக்கும்னு சர்ஜன் அப்புறம் சொன்னார். இப்போ அப்பா பர்ஸ்ல ஒரு சீட்டு, என் போன்ல அவர் பக்கவாட்டுல நிக்கிற போட்டோ, ரெண்டும் எப்பவும் இருக்கும்.

இடுப்புவலி அக்கா:
நான் விழல, கும்பிடு போட்டுக்குறேன். ஆனா எலும்பு அடர்த்தி பாக்குற டெக்ஸா ஸ்கேன்ல முதுகு ஸ்கோர் அமோகமா வந்துச்சு, குஷியாயிட்டேன். அது புதுசா வளர்ந்து ஒட்டின எலும்பையும் சேர்த்து எண்ணுற கணக்காம், உள்ள எலும்பு வலுவில்லாமதான் இருக்கும், இடுப்புல எடுத்துப் பாருங்கன்னாங்க. எடுத்தா ஆஸ்டியோபோரோசிஸ், எலும்பு தேய்ஞ்சு பலவீனமாகுற நோய். இன்னொண்ணும் எங்க டாக்டர் சொன்னது, வருஷக்கணக்கா கூனியிருந்தவருக்கு விழுந்த பிறகு திடீர்னு நிமிர முடிஞ்சா சந்தோஷப்படக் கூடாதாம், உடைஞ்சிருக்கான்னு பாக்கணுமாம்.

மூங்கில்முதுகு:
இடுப்புல எனக்கு எடுக்கவே இல்லயே அக்கா. வியாழக்கிழமை ரிவ்யூ, கேட்டுடுறேன். தங்கச்சி, அந்தச் சீட்டுல என்ன எழுதி வெச்சிருக்கீங்கன்னு அப்படியே போடும்மா.

அப்பாவோட பொண்ணு:
"என் கழுத்து பல வருஷமா இப்படித்தான். நேராக்காதீங்க. எக்ஸ்ரே சரியா இருந்தாலும் சிடி எடுங்க." அவ்ளோதாண்ணா, பெரிய எழுத்துல.