சின்ன ஹாம் ஒன்று, வீட்டில் இரண்டு பேர்: என்ன சமைக்கலாம்?

இருவர்வீடு:
எலும்போடு ஒன்றரைக் கிலோ ஹாம் வாங்கினேன். ஏற்கெனவே வெந்தது என்று உறையில் போட்டிருந்தது. வீட்டில் நானும் அப்பாவும்தான். முதல் நாள் துண்டு போட்டுச் சூடாக்கிச் சாப்பிட்டோம், நன்றாக இருந்தது. நேற்று, மற்ற இறைச்சிக்குப் போடுவது போல உப்புப் போட்டு உருளைக்கிழங்கோடு வேகவைத்தேன். வாயில் வைக்க முடியவில்லை. அப்பா ஒன்றும் சொல்லாமல் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து போனார். அது பாதிச் சட்டி அப்படியே ஃப்ரிட்ஜில் இருக்கிறது. முக்கால் கிலோ ஹாமும் எலும்பும் மீதி. எளிதாக என்ன செய்யலாம்?

அடுப்படி:
முதலில் அந்தச் சட்டியைக் காப்பாற்றுவோம். உப்பு நீரைப் பாதி கொட்டிவிட்டு, உப்பில்லாமல் தனியாக வேகவைத்த உருளைக்கிழங்கு நாலைந்தைச் சேருங்கள். ஒரு டம்ளர் பால் ஊற்றி, கொஞ்சம் மசித்து, மிளகு தூவிக் கொதிக்க விடுங்கள். கிழங்கு உப்பை உறிஞ்சிவிடும் என்பார்கள், அதை நம்பாதீர்கள். அளவு கூடுவதால்தான் உப்பு குறைகிறது.

ஹாம் என்பது பன்றியின் பின்தொடையை உப்பில் ஊறவைத்தது. உங்கள் உப்பு டப்பாவே அதற்குள் இருக்கிறது. நான் பல வருடமாக என் ஒருத்திக்கு மட்டும் சமைக்கிறவள். ஹாமைக் கறியாக நினைப்பதை விட்டு, சுவை கூட்டும் பொருளாக நினைத்த பிறகுதான் அது எனக்கு வசப்பட்டது. இரண்டு பேருக்கு ஒரு கைப்பிடி போதும். இறக்கும் நேரத்தில் ருசி பார்த்த பிறகே உப்பைத் தொடுங்கள், பெரும்பாலும் தேவைப்படாது.

இன்றே எலும்பிலிருந்து சதையை எடுத்துச் சின்னச் சதுரங்களாக நறுக்கி, கைப்பிடி கைப்பிடியாகப் பொட்டலம் கட்டி ஃப்ரீசரில் வையுங்கள். ஃப்ரிட்ஜில் 3, 4 நாள்தான் தாங்கும். ஃப்ரீசரில் ஒன்றிரண்டு மாதம் வரை ருசி நன்றாக இருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது எலும்பு சூப். அந்த எலும்பைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்! ஒரு வெங்காயம், ஒரு கேரட்டை வெண்ணெயில் வதக்கி, 200 கிராம் உடைத்த பட்டாணிப் பருப்பு, எலும்பு, ஒன்றரை லிட்டர் தண்ணீர் சேர்த்துச் சிறு தீயில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விடுங்கள். பருப்பை ஊறவைக்க வேண்டாம். அது கரைந்து குழைந்ததும் எலும்பை எடுத்து, ஒட்டியிருக்கும் சதையை உதிர்த்து மறுபடி சட்டியில் போடுங்கள். ஆறினால் கெட்டியாகிவிடும், மறுநாள் வெந்நீர் விட்டுக்கொள்ளலாம்.

அவசரத்துக்கு முட்டை. ஹாம் ஓரம் சிவக்கும் வரை வதக்கி, நாலு முட்டையை அடித்து ஊற்றி, மூடி, குறைந்த தீயில் வையுங்கள். அவ்வளவுதான்.

மிளகுத்தூள்:
அடுப்படி சொன்னதோடு ஒன்று. ஆறிய சோறு இருந்தால், ஹாமையும் பச்சைப் பட்டாணியையும் நல்ல சூட்டில் வதக்கி, சோற்றைப் போட்டுக் கிளறி, முட்டை உடைத்து ஊற்றுங்கள். பத்து நிமிடம்.

அடுத்த முறை வாங்கும்போதும் உறையைப் படியுங்கள். வேகாத ஹாமும் விற்கிறார்கள். நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது. பதப்படுத்தும் உப்பிலுள்ள நைட்ரைட்டால் வெந்த பிறகும் அது இளஞ்சிவப்பாகவே இருக்கும். மீந்ததைச் சூடாக்கும்போது உள்ளே 74 டிகிரி செல்சியஸ் வரட்டும். கொஞ்சம் தண்ணீர் தெளித்து மூடி வைத்தால் வறண்டு போகாது.

இருவர்வீடு:
இருவருக்கும் நன்றி. சட்டி பிழைத்துவிட்டது! நான் ஐந்து கிழங்கு சேர்த்தேன், பாலும் கொஞ்சம் கூடுதல். அப்பா இரண்டாவது கிண்ணம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சதையை நறுக்கியதில் ஏழு பொட்டலம் வந்தது. எலும்பு ஃப்ரீசரில் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை பட்டாணிப் பருப்பு சூப். அடுப்படி, அதில் பூண்டு போடலாமா?

அடுப்படி:
தாராளமாக. இரண்டு பல், வெங்காயத்தோடு வதக்கிவிடுங்கள்.