டோபமினா, குளூட்டமேட்டா? தமிழில் யாராவது விளக்குங்களேன்

செங்கோட்டைக்காரி நான், நர்சிங் படிப்பது மலைக்கு அந்தப் பக்கம் கொல்லத்தில். அடுத்த வாரம் மனச்சிதைவு நோய் பற்றி செமினார். வகுப்பில் மலையாளத்தில் சமாளித்துவிடுவேன், ஆனால் தமிழில் புரிந்தால்தான் எனக்கு உள்ளே இறங்கும்.

எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். ஆம்பெட்டமைன் என்ற ஊக்கமருந்து, நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் டோபமின் என்ற வேதிப்பொருளை மூளையில் கொட்டவைக்கிறது, அதை அதிக அளவில் தொடர்ந்து எடுப்பவர்களில் சிலருக்கு இந்த நோயில் வருவது போலவே யாரோ பின்தொடர்கிற மாதிரி சந்தேகம், காதில் குரல் எல்லாம் வருகிறது. 1950களில் வந்த குளோர்புரோமசின் என்ற மனநோய் மருந்து, டோபமின் போய் ஒட்டுகிற டி2 ஏற்பியை அடைத்து இவற்றைத் தணிக்கிறது. சரி, நோய்க்கு டோபமின்தான் காரணம் என்று முடித்துவிடலாமென்றால் நடுவில் கெட்டமின் வந்து நிற்கிறது (ஆபரேஷன் தியேட்டரில் மயக்கத்துக்குக் கொடுக்கிறோமே, அதேதான்). அது தடுப்பது குளூட்டமேட் என்ற இன்னொரு செய்தி கடத்தும் வேதிப்பொருளின் என்எம்டிஏ ஏற்பியை. 1994-ல் வெளியான ஆய்வில் ஆரோக்கியமானவர்களுக்குக் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்த்தபோது சந்தேகத்தோடு, உணர்ச்சி வற்றிப்போவதும் சிந்தனைத் தடுமாற்றமும் வந்திருக்கின்றன. ஆம்பெட்டமைன் நோயின் இந்த உணர்ச்சி வற்றி ஒதுங்கிப்போகும் பக்கத்தைச் சரியாகக் காட்டுவதில்லை. எல்எஸ்டி என்ற போதைப்பொருள் வேறு கதை: செரட்டோனின் என்ற மற்றொரு மூளை வேதிப்பொருள் வழி, பெரும்பாலும் கண்ணில் காட்சிகள். நோயாளிகளுக்கோ குரல்தான் அதிகம்.

என் சந்தேகம் இதுதான்: குளூட்டமேட் கோளாறு முதலில் வந்து, அதுதான் டோபமினை ஏற்றிவிடுகிறதா, அல்லது இரண்டும் தனித்தனியா? டி2 மருந்து குரலைக் குறைத்தும் ஆள் பேசாமல் மூலையில் உட்கார்ந்திருப்பது ஏன் அவ்வளவாக மாறுவதில்லை? மனநலப் பிரிவில் வேலை செய்யும் அக்கா, அண்ணன்கள் யாராவது இருந்தால் ஒரு வாய்ஸ் நோட் போட்டாலும் போதும். வியாழக்கிழமைக்குள் கிடைத்தால் நல்லது.