மறு: ஐஸிஜீஸிஸுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

தெம்பனிஸிலிருந்து, ஞாயிறு இரவு

அன்புள்ள குழுவினருக்கு,

ஓர் அவசர உதவி வேண்டும். எங்கள் சபையில் சனிக்கிழமை மாலைகளில் வேதபாட வகுப்பு எடுக்கிறேன். இந்த முறை தலைப்பு 'கடினமான வசனங்கள்'. கையேடு புதன்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஆங்கிலக் குறிப்புகளைத் தமிழாக்கிக்கொண்டே வந்தவள் இரண்டு சொற்களில் நின்றுவிட்டேன்: எக்ஸிஜீஸிஸ், ஐஸிஜீஸிஸ். வசனத்தில் இருக்கும் பொருளை வெளியே எடுப்பது முதலாவது. நம் மனத்தில் இருப்பதை வசனத்துக்குள் வைத்துவிட்டு, வசனமே அப்படிச் சொல்கிறது என்று நம்புவது இரண்டாவது.

சபையில் எல்லாரும் 'வியாக்கியானம்' என்கிறோம். ஆனால் அது இரண்டுக்கும் பொது. நல்ல வியாக்கியானமும் உண்டு, தவறானதும் உண்டு. எனக்கு வேண்டியது எதிரெதிராக நிற்கும் ஒரு சோடி.

ஏன் இவ்வளவு கவலைப்படுகிறேன் என்றால், மத்தேயு 19:24, ஒட்டகமும் ஊசியின் காதும். எருசலேமில் 'ஊசியின் காது' என்று ஒரு சிறிய வாசல் இருந்ததாம், சுமையை இறக்கி மண்டியிட்டால் ஒட்டகம் நுழைந்துவிடுமாம். இந்தக் கதையை நான் சிறு வயதிலிருந்து பிரசங்கங்களில் கேட்டு வளர்ந்தேன். அப்படி ஒரு வாசல் இருந்ததற்கு ஆதாரமே இல்லை. சீஷர்கள் 'அப்படியானால் யார் இரட்சிக்கப்படக்கூடும்' என்று திகைப்பது அடுத்த வசனத்திலேயே இருக்கிறது. மண்டியிட்டால் போதும் என்றால் அவர்கள் ஏன் திகைக்க வேண்டும்? என் மாணவர்களுக்கு வசனத்தைவிட அந்த வாசல் நன்றாக நினைவிருக்கிறது. அந்த வாசலைக் கட்டியது எது, அதற்கு ஒரு பெயர் வேண்டும்.

ஈசூனிலிருந்து, ஞாயிறு பின்னிரவு

அம்மா,

வேரிலிருந்து தொடங்குவோம். கிரேக்கத்தில் 'எக்' என்றால் வெளியே, 'ஹேகெயொமாய்' என்றால் வழிநடத்து. அதாவது வெளியே நடத்திக்கொண்டு வருதல். இந்த வினை யோவான் 1:18இல் வருகிறது. 'ஒரேபேறான குமாரனே அவரை வெளிப்படுத்தினார்' என்று நீங்கள் வாசிக்கும் இடத்தில் மூலத்தில் இருப்பது இதுதான். அப்படியானால் 'வெளிப்படுத்தல்' என்றே வைக்கலாமே என்று தோன்றும். ஆனால் அது வேதாகமத்தின் கடைசிப் புத்தகத்தின் பெயராகிவிட்டது. ஆகவே அந்த வழி அடைபட்டது.

நமக்குச் சொல் பஞ்சமில்லை. கொள் என்னும் வினையடி நீண்டு கோள். பொருள்கோள், அதாவது செய்யுளின் சொற்களைக் கூட்டிப் பொருள் கொள்ளும் முறை. தொல்காப்பியர் நான்கு சொன்னார், நன்னூலார் எட்டாக்கினார். எதிர்ச்சொல்லும் பழைய வழக்கிலேயே உண்டு: நலிந்து பொருள் கோடல். நலிதல் என்றால் இங்கே மெலிதல் அன்று, வருத்துதல். சொல்லை வருத்திப் பொருள் வாங்குவது. 'நலிந்துரை' என்று சுருக்கிக்கொள்ளுங்கள். வியாக்கியானம் என்ற சொல்லை இனியாவது விட்டுவிடலாம் என்பது என் விண்ணப்பம்.

ஜூரோங்கிலிருந்து, திங்கள் காலை

ஐயாவுக்கு வணக்கம். வியாக்கியானத்தை விடச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. தூத்துக்குடியில் என் பாட்டி பள்ளிக்கூடம் போனதில்லை, ஆனால் வியாக்கியானம் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். வைணவ உரைகளுக்கும் அந்தப் பெயர்தானே? அத்தனை நூற்றாண்டு தமிழ் வாயில் புழங்கிய சொல்லை வெளியே அனுப்பிவிட்டு, அகராதியைத் திறந்தால்தான் புரியும் சொல்லை உள்ளே கொண்டுவருவது யாருக்காக?

அக்கா, உங்கள் இரண்டாவது சொல் வேதாகமத்திலேயே இருக்கிறது. 2 பேதுரு 3:16. பவுலின் நிருபங்களில் சில காரியங்கள் அறிகிறதற்கு அரிதாயிருக்கிறது, கல்லாதவர்களும் உறுதியில்லாதவர்களும் அவற்றைப் 'புரட்டுகிறார்கள்'. புரட்டு! இதற்குமேல் என்ன வேண்டும்? பேதுருவே கடின வசனங்களைப் பற்றித்தான் அங்கே பேசுகிறார்.

இன்னொன்று. ஒட்டகம் அல்ல, கயிறு என்றும் ஒரு வாதம் உண்டு. கிரேக்கத்தில் காமேலோஸ் ஒட்டகம், காமிலோஸ் வடம். ஓர் எழுத்துத்தான் வேறுபாடு. பிந்திய சில சுவடிகளில் காமிலோஸ் என்றே இருக்கிறது. அலெக்சாந்திரியா சிரில் கப்பல் கயிறு என்றே பொருள் சொன்னார். நான் கப்பல் பட்டறையில் வேலை செய்கிறவன். கப்பலைக் கரையில் கட்டும் வடம் என் கையை விடத் தடிமன். அதுவும் ஊசியில் நுழையாது. ஆக, வடம் என்றாலும் வசனம் எளிதாகவில்லை. ஊசிக்கும் நூலுக்கும் பொருத்தம் இருப்பதால் காதுக்கு மட்டும் இதமாக இருக்கிறது.

செங்காங்கிலிருந்து, திங்கள் மதியம்

அண்ணா, வடம் பற்றி எழுதியது மிகவும் பிடித்தது. சுவடிகள் வேறுபடும்போது கடினமான பாடமே மூலமாக இருக்கக்கூடும் என்று சுவடி ஆய்வாளர்கள் சொல்வது இதனால்தான். ஒட்டகத்தை வடமாக மாற்ற ஒருவருக்குக் காரணம் இருக்கும். வடத்தை யார் ஒட்டகமாக்குவார்கள்? 18ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் வேத அறிஞர் பெங்கல் இதை ஒரு விதியாகவே வகுத்தார்.

ஆனால் 'புரட்டு' வேண்டாம். புரட்டன் என்றால் ஏமாற்றுக்காரன். வாசல் கதையைச் சொன்ன போதகர் யாரையும் ஏமாற்றவில்லை, உண்மை என்று நம்பித்தான் சொன்னார். வகுப்பில் யாராவது ஒரு பெரியவர் தன் கருத்தைச் சொன்னதும் நாம் 'இது புரட்டு' என்றால் அடுத்த வாரம் அவர் வரமாட்டார்.

'நலிந்துரை'யும் ஓடாது, ஐயா. நலிந்த என்றால் எனக்கு உடனே நலிந்தோர் உதவித் திட்டம்தான் நினைவுக்கு வருகிறது. நான் இங்கே பிறந்து, இங்கே உயர்நிலைப்பள்ளி வரை தமிழ் படித்தவள். என் போன்றவர்களுக்கும் புரிய வேண்டாமா? எளிதாக 'எடுத்தல்', 'ஏற்றுதல்' என்று வைத்துக்கொள்ளலாம். வசனத்திலிருந்து எடுக்கிறோம், வசனத்தின்மேல் ஏற்றுகிறோம்.

ஈசூனிலிருந்து, திங்கள் இரவு

புரியாத சொல் புழங்கினால் புரியும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) என்றால் இன்று இந்தச் சிங்கப்பூரில் விளக்கம் கேட்பார் உண்டா? முதல் நாள் அது வெறும் மூன்றெழுத்து.

பொருள்கோளை நான் ஏன் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்பதை ஒரு வசனத்தால் காட்டுகிறேன். லூக்கா 23:43, சிலுவையில் கள்ளனுக்குச் சொன்னது. கிரேக்கத்தில் சொற்கள் நிற்கும் வரிசை இது: மெய்யாக, உனக்குச் சொல்கிறேன், இன்று, என்னோடு இருப்பாய், பரதீசில். பழஞ்சுவடிகளில் பெரும்பாலும் நிறுத்தக்குறி இல்லை. 'இன்று' நடுவில் நிற்கிறது. இன்று சொல்கிறேனா, இன்று இருப்பாயா? இதைப் பற்றி நெடுங்காலமாக வழக்கு.

தாப்பிசைப் பொருள்கோள் நினைவிருக்கிறதா? தாம்பு என்றால் ஊஞ்சற்கயிறு. நடுவில் நிற்கும் சொல் ஊஞ்சல்போல் முன்னும் பின்னும் சென்று பொருள் தரும். 'உண்ணாமை உள்ளது உயிர்நிலை ஊனுண்ண அண்ணாத்தல் செய்யாது அளறு' என்ற குறளில் 'ஊன்' இரண்டு பக்கமும் போகிறதே ('ஊன் உண்ணாமை', 'ஊன் உண்ண'), அதுதான். குறளில் ஊஞ்சல் இரு பக்கமும் ஆடலாம். லூக்காவில் ஒரு பக்கம்தான் நிற்க வேண்டும், எந்தப் பக்கம் என்பதே கேள்வி. இந்தச் சிக்கலுக்கு நம் இலக்கணத்தில் பெயரும் இருக்கிறது, பயிற்சியும் இருக்கிறது.

நம் மொழிபெயர்ப்பில் 'இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய் என்று' வந்துவிடுகிறது. தமிழில் 'என்று' போட்டாக வேண்டும். போட்டவுடன் 'இன்றைக்கு' எந்தப் பக்கம் என்பது முடிந்துவிடுகிறது. தமிழ் வாசகருக்கு ஊஞ்சல் கண்ணிலேயே படாது. தவறு என்று சொல்லவில்லை. 'மெய்யாகவே உனக்குச் சொல்லுகிறேன்' என்ற தொடர் மற்ற இடங்களில் 'இன்று' என்பதைத் தன்னோடு சேர்த்துக்கொள்வதில்லை, ஆகவே பெரும்பாலோர் எடுத்த முடிவே வலுவானது. ஆனால் பழைய சிரியாக் பிரதி ஒன்றில் 'இன்று' சொல்கிறேன் பக்கம் நிற்கிறது. அங்கும் ஒருவர் முடிவெடுக்க வேண்டியிருந்தது.

தெம்பனிஸிலிருந்து, செவ்வாய் காலை

ஐயா, இதை வாசித்துவிட்டு ரயிலில் இறங்க வேண்டிய நிலையத்தைத் தாண்டிப் போய்விட்டேன். இருபது வருடமாக அந்த வசனத்தை மனப்பாடமாகச் சொல்கிறேன், 'என்று' அங்கே இவ்வளவு வேலை செய்கிறது என்று தெரியாது. கையேட்டில் இதற்கு ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டேன். முதல் சொல் பொருள்கோள். இரண்டாவது இன்னும் கிடைக்கவில்லை. நாளை அச்சு.

பாசிர் ரிஸ்ஸிலிருந்து, செவ்வாய் மதியம்

தாமதமாக நுழைகிறேன். நான் கத்தோலிக்கர். எங்கள் பக்கம் விவிலியம், மறைநூல் என்று சொற்கள் வேறு, ஆனால் இந்தச் சிக்கல் ஒன்றுதான்.

செங்காங் தங்கை சொன்ன 'ஏற்றுதல்' சரியான வினை. அதற்கு ஏற்கெனவே ஒரு பெயர்ச்சொல் இருக்கிறது: தற்குறிப்பேற்றம். கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது மதிற்கொடிகள் காற்றில் ஆடுகின்றன. 'வாரல் என்பன போல்' கை காட்டுவதாக இளங்கோ பாடுகிறார். கொடி ஒன்றும் சொல்லவில்லை. ஆடியது காற்றால். வரவேண்டாம் என்பது கவிஞர் மனத்தில் இருந்த துயரம். இயல்பாக நடப்பதன்மேல் தன் குறிப்பை ஏற்றுவது. ஐஸிஜீஸிஸுக்கு இதைவிடத் துல்லியமான விளக்கம் எழுத முடியுமா?

ஈசூனிலிருந்து, செவ்வாய் மாலை

அது அணி, குற்றம் அன்று. இளங்கோ செய்ததை நாம் போற்றுகிறோம். போற்றத்தக்கதன் பெயரைப் பிழைக்குச் சூட்டலாமா?

பாசிர் ரிஸ்ஸிலிருந்து, செவ்வாய் மாலை

அதனால்தான் ஐயா அந்தப் பெயர் வேண்டும் என்கிறேன். கவிஞர் செய்தால் அழகு. உரைகாரர் அதையே செய்தால் பிழை. செயல் ஒன்று, இடம் வேறு. 'பெய்யெனப் பெய்யும் மழை' என்ற குறளைப் பாருங்கள். மனைவி சொன்னால் மழை பெய்யும் என்பது இக்காலத்துக்கு ஒவ்வவில்லை என்று, 'வேண்டும்போது பெய்யும் மழை போன்றவள்' என்கிறார்கள். நல்லெண்ணம்தான். ஆனால் குறளில் 'போல' இல்லை. ஒட்டகத்துக்கு வாசல் கட்டியவர்களிடமும் இதே நல்லெண்ணம் இருந்தது.

செங்காங்கிலிருந்து, செவ்வாய் இரவு

கருத்து அருமை. சொல் நீளம். நான் தற்குறிப்பேற்றம் படித்ததே இல்லை. 'தன்னேற்றம்' என்று சுருக்கினால்? வேண்டாம், தன்முன்னேற்றம் மாதிரி கேட்கிறது. 'ஏற்றுரை'யும் ஆகாது, விழா மேடை ஏற்புரை குறுக்கே வரும்.

ஜூரோங்கிலிருந்து, செவ்வாய் பின்னிரவு

இன்று ஜெபக்கூட்டம் முடிந்ததும் விடுதியில் தம்பிகளிடம் கேட்டேன். ஆறு பேர். எல்லாரும் ஊரில் பள்ளிப்படிப்போடு நிறுத்திவிட்டு வேலைக்கு வந்தவர்கள். தற்குறிப்பேற்றம் என்றால் என்ன என்றேன். நான்கு பேர் கொடியையும் மதுரையையும் அப்படியே ஒப்பித்தார்கள், ஒருவர் பாட்டையும் சேர்த்து. நலிந்துரை யாருக்கும் தெரியவில்லை. கடினமான சொல் என்று நாம் பயந்தது அவர்களுக்கு எளிது. புரட்டு என்பதை நான் விடுகிறேன், தங்கை சொன்ன காரணத்துக்காக.

தெம்பனிஸிலிருந்து, புதன் காலை

அச்சுக்குப் போய்விட்டது. பொருள்கோள், தற்குறிப்பேற்றம். இரண்டாவதன் கீழே செங்காங் தங்கையின் வார்த்தைகளில் ஒரு வரி: 'நம் எண்ணத்தை வசனத்தின்மேல் ஏற்றுதல்'. கொடி உதாரணத்தையும் சேர்த்தேன். எல்லாருக்கும் நன்றி.

ஈசூனிலிருந்து, புதன் மாலை

நல்லது அம்மா. என் மாறுபாடு மட்டும் பதிவாகட்டும். பொருள்கோள் செய்யுளின் சொற்கள் எப்படிக் கூடுகின்றன என்பதைச் சொல்வது. எக்ஸிஜீஸிஸ் அதைவிடப் பரந்தது: யார் எழுதியது, யாருக்கு, எந்தச் சூழலில் என்பதெல்லாம் அதில் அடங்கும். 1 கொரிந்தியர் 15:29இல் 'மரித்தவர்களுக்காக ஞானஸ்நானம்' என்பதைச் சொற்களை எப்படிக் கூட்டினாலும் விளக்க முடியாது, கொரிந்துவில் என்ன நடந்தது என்று தெரிய வேண்டும். அந்தச் சொல்லை முன்வைத்தவன் நானே. திங்கள் இரவு தாப்பிசையில் மனம் போய்விட்டது. மறுபதிப்பு வந்தால் 'உரைகாண்டல்' என்பதை யோசியுங்கள்.