போர்க்காலத்தில் கேட்ட இசை: இரண்டு அனுபவங்கள்

ஜெர்மனியின் ட்ரெஸ்டனிலிருந்து:

2022 ஏப்ரல் கடைசி. உக்ரைன் மீது ரஷ்யா போர் தொடங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது. உக்ரைன் தலைநகரின் கீவ் சிம்பொனி இசைக்குழு எங்கள் ஊரில் வாசிக்கிறது என்று கேள்விப்பட்டதும் டிக்கெட் வாங்கிவிட்டேன். இரவு முழுக்கச் சோக இசையாகத்தான் இருக்கும் என்று எண்ணிக்கொண்டு போனேன்.

தொடக்கமே உக்ரைன் இசையமைப்பாளர் பெரெஸோவ்ஸ்கியின் சிம்பொனி. 18-ஆம் நூற்றாண்டின் துள்ளலான இசை! அனுதாபம் கேட்டு அவர்கள் வரவில்லை, தங்கள் இசையின் வயதைச் சொல்ல வந்திருக்கிறார்கள் என்று அங்கேயே புரிந்தது. இன்னொரு உக்ரைன் இசையமைப்பாளரான ஸ்கோரிக்கின் 'மெலடி' வந்தபோது பின்வரிசையில் யாரோ விசும்பினார்கள்.

கடைசியில், அவர்கள் நாட்டு இசையமைப்பாளரே ஆன லியாதோஷின்ஸ்கியின் மூன்றாம் சிம்பொனி. 'அமைதி போரை வெல்லும்' என்ற வாசகத்தோடு 1951-இல் அதை அவர் முடித்தார். சோவியத் அதிகாரம் அந்த வாசகத்தையும் ஏற்கவில்லை, இசையின் முடிவையும் ஏற்கவில்லை. இறுதிப் பகுதியை அவர் மாற்றி எழுத வேண்டியதாயிற்று. அந்தக் கதை தெரிந்து கேட்டதாலோ என்னவோ, டிரம்பெட்டுகள் எழுந்த இடத்தில் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டேன்.

பின்னாளில் அந்தக் குழு ஜெர்மனியிலேயே கேரா நகரில் தங்கியது. 2024-இல் ரைன் கரையிலுள்ள மோன்ஹைமுக்கு இடம்மாறியது.

அன்றிரவு டிராம் நிறுத்தத்தில், வயோலா (வயலினைவிடச் சற்றுப் பெரிய வாத்தியம்) பெட்டியை முதுகில் மாட்டியிருந்த பெண்ணொருவரைப் பார்த்து நன்றி சொன்னேன். பேசிக்கொண்டிருக்கும்போதே அவருடைய கைபேசி அலறியது. கீவுக்கான வான்தாக்குதல் எச்சரிக்கை. அம்மா அங்கே இருக்கிறாராம், அதனால் அந்தச் செயலியை நீக்கவே இல்லையாம். உடனே அம்மாவை அழைத்தார். டிராம் வந்தது. அவர் ஏறவில்லை, நானும் ஏறவில்லை. மறுமுனையில் குரல் கேட்கும் வரை இருவரும் நின்றுகொண்டிருந்தோம்.

லண்டனிலிருந்து:

அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு 2022 ஜூலை 31 நினைவுக்கு வந்தது. ஆல்பர்ட் ஹால் இசையரங்கில் நின்று கேட்கும் டிக்கெட். மேடைக்கு மிக அருகில் இடம் கிடைத்தது. உக்ரைன் சுதந்திர இசைக்குழு, நடத்தியவர் கெரி-லின் வில்சன். சில நாள்களுக்கு முன்புதான் வார்சாவில் ஒன்றுகூடியிருந்தார்கள். சிலர் ஏற்கெனவே அகதிகள், சிலர் உக்ரைனிலிருந்து நேராக வந்தவர்கள். போர் வயதிலிருந்த ஆண்கள் எல்லையைத் தாண்டி வரவே அரசின் தனி அனுமதி வேண்டியிருந்தது.

சிறையிலிருக்கும் கணவனை மீட்க ஆண் வேடத்தில் போகும் லியோனோராவின் பாடலை, பீத்தோவனின் 'ஃபிடேலியோ' ஓப்பராவிலிருந்து உக்ரைன் பாடகி லுட்மிலா மொனாஸ்திர்ஸ்கா பாடினார். அந்த மேடையில் அது நாடகப் பாத்திரத்தின் பாடலாக எனக்குக் கேட்கவே இல்லை. பிராம்ஸின் நான்காம் சிம்பொனியையும் வாசித்தார்கள். அதைப் பற்றிச் சொல்ல என்னிடம் அதிகமில்லை. என் மனம் அந்தப் பாடலிலேயே நின்றுவிட்டது.

முடிவில் உக்ரைன் தேசிய கீதம். அரங்கமே எழுந்து நின்றது. கைதட்டல் ஓய்ந்து கூட்டம் கலைந்த பிறகும் எனக்கு நகர மனம் வரவில்லை. பயணம் முடிந்ததும் போர் நடக்கும் நாட்டுக்கே திரும்ப வேண்டியவர்கள் அந்த ஆண்களில் இருந்தார்கள். அவர்கள் நிதானமாக வில்லைத் துடைத்து, வயலினைப் பெட்டிக்குள் வைத்து மூடுவதையே, மேடை காலியாகும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.