கோத்தகிரி மழையில் புளியங்கொட்டைப் பசை பூசணம் பிடிக்கிறது, என்ன சேர்க்கலாம்?

வணக்கம். தஞ்சாவூர் ஓவியம் வரைகிறேன். மக்குக்கு (படத்தில் கிரீடம், நகைகளைப் புடைப்பாக எழுப்பப் பூசும் வெள்ளைக் கலவை) ஃபெவிகால் போடுவதில்லை, புளியங்கொட்டைப் பசையை நானே காய்ச்சுகிறேன். மதுரையில் இருந்தவரை ஒரு பிரச்சினையும் வந்ததில்லை. ஜூனில் கோத்தகிரிக்குக் குடிவந்தோம். ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து தலைவலிதான்.

தொட்டுப் பார்த்தால் மக்கு காய்ந்த மாதிரியே இருக்கும். நாலாம் நாள் பார்த்தால் கிருஷ்ணர் கிரீடத்தைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் பஞ்சு பஞ்சாகப் பூசணம். துடைத்துவிட்டுத் தங்க ரேக்கு (மெல்லிய தங்கத் தகடு) ஒட்டினால் ஓரம் உரிந்து வருகிறது. இரண்டு படம் போச்சு. தங்கம் விற்கிற விலையில்!

கொட்டையை வறுத்துத் தோல் நீக்கி, ராத்திரி ஊறவைத்து அரைத்து, ஒன்றுக்கு எட்டு தண்ணீர் விட்டு 40 நிமிடம் காய்ச்சுவேன். அதில் இரண்டு பங்கு சுக்கான் பொடி (சுண்ணாம்புக்கல் பொடி) கலந்தால் மக்கு. பலகை பிளைவுட், மேலே காடாத்துணி.

மயில்துத்தம் (காப்பர் சல்ஃபேட்) ஒரு சிட்டிகை போட்டேன். பூசணம் நின்றது, ஆனால் வெள்ளை மக்கு பச்சை பூத்துவிட்டது. கிராம்பு எண்ணெய் இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. ஹீட்டர் முன்னால் வைத்ததில் மயிரிழை வெடிப்பு. இங்கே 6,000 அடி உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், பசை சரியாக வேகவில்லையோ என்று குக்கரிலும் வைத்தேன். பசை நன்றாக வழவழவென்று வந்தது, பூசணமும் வந்தது.

பசையை மாற்ற மனசில்லை. மலையில் இருந்துகொண்டு இந்த வேலை செய்கிறவர்கள் சொல்லுங்கள்: மக்கின் வெள்ளை மாறாமல் பூசணத்தைத் தடுக்கப் பசையில் என்ன சேர்க்கிறீர்கள், எவ்வளவு?